செல்வி கொண்டுவந்த பாட்டில்

போடியில் என் வீட்டிலேயே சீயக்காய் ஷாம்பு காய்ச்சி விற்கிறேன். ஏலக்காய்த் தோல் சேர்ப்பதால் வாசனை தூக்கலாக இருக்கும். காலிப் பாட்டிலை நீங்களே கொண்டுவாருங்கள் என்று எல்லோரிடமும் நான்தான் சொல்லியிருந்தேன்.

ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வரும் செல்வி ஒருநாள் கெட்டியான வெள்ளைப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தாள். லேபிளைக் கிழித்திருந்தாள்.

"நல்லாக் கழுவிட்டேன்க்கா. வெரசா ஊத்திக் குடுங்க, சோலி கெடக்கு" என்றாள்.

என்ன இருந்த பாட்டில் என்று கேட்காமலே நிரப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் அதைத் தேய்த்து மகளுக்குத் தலைக்கு ஊற்றியிருக்கிறாள். சற்று நேரத்தில் பிள்ளைக்கு ஓயாத வாந்தி, வாயில் நுரை. ஆஸ்பத்திரியில் டாக்டர் பாட்டிலைக் கேட்டு வாங்கி, மூடியின் உள்பக்கத்தை மோந்து பார்த்தார். தோட்டத்தில் செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்து இருந்த பாட்டில் அது. எத்தனை முறை கழுவினாலும் ஊறியது போகாதாம்; தலைத்தோல் வழியாகவே உடம்பில் ஏறிவிடுமாம். என் ஏலக்காய் வாசனையில் அந்த நாற்றம் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை. பென்சில் பிடிக்க முடியவில்லை.

இப்போது புதுப் பாட்டிலில் மட்டுமே விற்கிறேன். யார் பாட்டில் நீட்டினாலும் வாங்குவதில்லை.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் செல்வி, "இன்னொருக்கா கழுவியிருக்கணுமோக்கா?" என்று கேட்டாள். என்ன இருந்த பாட்டில் என்று கேட்காதது என் தப்பு என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.