அக்டோபர் மாதத்து ஜாடி

எம். புதுப்பட்டிக்கு மேற்கே சங்கையாவுக்கு நாலு ஏக்கர் கரிசல் காடு. வயது ஐம்பத்தெட்டு, படிப்பு எட்டாம் வகுப்பு, பிடிவாதத்தில் மட்டும் டாக்டர் பட்டம். வேலிக்கு அந்தப் பக்கம் காளிராஜ் பட்டாசுக் கம்பெனி போட்ட நாளிலிருந்து மனுஷனுக்கு ஒரே பேச்சுதான். அங்கிருந்து பறந்து வருகிற தூசியால்தான் தன் மக்காச்சோளம் வெளிறிப் போகிறது என்பார். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்குகிறவர்களுக்கெல்லாம் அவர் முகம் மனப்பாடம். "ஆதாரம் இருக்கா?" என்பார்கள். இவர் வெளிறிய இலையை எடுத்து நீட்டுவார். அவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

இப்படி இருக்கும்போது, மதுரைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி செய்கிற அனுப்பிரியா வந்து சேர்ந்தாள். காற்றில் வரும் தூசியைப் பிடிக்க அவளுக்கு இடம் வேண்டியிருந்தது. வீட்டுக்கு ஒருவராவது கம்பெனி வேலைக்குப் போகிற ஊர், யாரும் இடம் தரவில்லை. சங்கையா தானே குழி தோண்டிக் கொடுத்தார். ஆள் உயர இரும்புக் கம்பம், அதன் உச்சியில் வாயகன்ற ஜாடி. மாதக் கடைசியில் அவள் ஜாடியை எடுத்துப் போய் அதில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்று பார்ப்பாள். தினமும் காலை எட்டு மணிக்கு மழை, காற்றின் திசை, ஜாடிக்குள் விழுந்தது எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவது இவர் வேலை.

"காக்கா எச்சம் போட்டாலும் எழுதணும் ஐயா" என்று சொல்லியிருந்தாள். எழுதினார். மகள் கல்யாணத்தன்று பட்டு வேட்டியோடு காட்டுக்குப் போய் எழுதிவிட்டுத்தான் மண்டபத்துக்கு வந்தார். சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். அவருக்கு ஒரே பெருமை.

இரண்டாம் வருஷம் டிசம்பரில் அவள் போன் செய்தாள்.

"ஐயா, அக்டோபர் ஜாடியில ஈயம் மத்த மாசத்தைவிடப் பத்து மடங்கு இருக்கு. பட்டாசுல ஈயம் சேர்க்கவே கூடாதுன்னு தடை. அந்த மாசம் ஜாடிக்குள்ள வேற எதுவும் விழலையே?"

"ஒண்ணும் விழலை தாயி."

அன்று முழுக்க அவர் கால் தரையில் பாவவில்லை. "இனி காளிராஜ் பாடு திண்டாட்டம்தான்" என்று மனைவி பாலம்மாளிடம் பத்துத் தடவை சொன்னார்.

மறுநாள் காலை நோட்டோடு போனவர் கம்பத்தின் அடியில் அப்படியே நின்றுவிட்டார். கம்பத்தில் மங்கிய சிவப்புப் பொட்டு. ஆயுத பூஜை! மோட்டார், மண்வெட்டி, மருந்தடிக்கும் டப்பா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர், இதுவும் உழைக்கிற கருவிதானே என்று கம்பத்திலும் ஜாடியின் விளிம்பில் நாலு பக்கமும் சந்தனத்தைக் குழைத்துக் குங்குமத்தை அள்ளி வைத்திருந்தார். அன்று சாயங்காலம் பெய்த மழை அதையெல்லாம் கரைத்து ஜாடிக்குள் இறக்கியிருக்கும். மழையை நோட்டில் எழுதியிருந்தார். சாமி காரியத்தைப் போய் 'ஜாடிக்குள் விழுந்தது' என்று யாராவது எழுதுவார்களா?

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. யாருக்கும் தெரியாது, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். காளிராஜின் தூசி பொய்யா என்ன, எந்த வழியாக வந்தாலும் நியாயம் நம் பக்கம்தானே என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். மூன்றாம் நாள் 'காற்று' என்று எழுதப் பேனாவைத் திறந்தவருக்குக் கை ஓடவில்லை. காக்காயைக்கூட விடாமல் எழுதிய நோட்டு அது. சாமி அலமாரியிலிருந்த குங்குமப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினார்.

ஆய்வகத்தில் அவர் சொல்லி முடித்ததும் அனுப்பிரியா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதை வச்சுக் கட்டுரையே எழுதிட்டேன் ஐயா. கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"அப்ப ஞாபகமில்லை தாயி. ஞாபகம் வந்த பிறகும் ரெண்டு நாள் மறைச்சேன். ஆசை விடலை." பொட்டலத்தை மேஜையில் வைத்தார். "இதையும் உங்க மிஷின்ல போட்டுப் பாருங்க."

அவர் கண்முன்னாலேயே அவள் கட்டுரையிலிருந்து அக்டோபர் கணக்கை அடித்துவிட்டாள்.

எட்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை, அவசரம் இருந்தது.

"ஐயா, ஈயம் அம்புட்டும் அந்தக் குங்குமத்துலதான். சாயத்துக்காகச் சேர்த்திருக்காங்க. உடம்புக்கு ரொம்பக் கெடுதல். வீட்டுல இதை யாராவது வைக்கிறாங்களா?"

சங்கையா திரும்பிப் பார்த்தார். பாலம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் காலணா அகலத்துக்குப் பொட்டு, வகிட்டில் ஒரு கோடு. கல்யாணமான நாளிலிருந்து மாதம் தவறாமல் அதே கடையில் அதே பொட்டலம், வாங்கி வருகிறவர் அவர்தான். இத்தனை வருஷம் மனுவும் கையுமாக வேலிக்கு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்.

போனைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டைச் செம்புத் தண்ணீரில் நனைத்து வந்து அவள் நெற்றியை அழுத்தித் துடைத்தார்.

பாலம்மாள் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தாள். "என்ன காரியம் பண்ணுறீக? நீக உசிரோட இருக்கையிலேயே பொட்டை அழிக்கிறீகளே!"

"நீயும் இருக்கணும்ல" என்று சொல்லி, வகிட்டையும் துடைத்தார்.