அத்தானின் எக்சர்சைஸ்

குளியலறை வாசலில் கிடக்கும் எடைக்கருவியின் மேல் ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தொப்பையைத் தாண்டிக் குனிந்து எண்ணைப் பார்த்துவிட்டு இறங்கிய பிறகுதான் அத்தான் தரை துடைக்கும் மாப்பைக் கையில் எடுப்பார். துடைத்து முடித்ததும் மறுபடி ஒருமுறை ஏறுவார். இரண்டு முறையும் அதே பனியன், அதே கால்சட்டை. நடுவில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். குடித்தால் கணக்கு கெட்டுவிடுமாம். தாகத்தில் நாக்கு வறண்டாலும் அந்த இரண்டாவது எடையைப் பார்க்காமல் சமையலறைப் பக்கம் தலைகாட்ட மாட்டார்.

காரணம் இருக்கிறது. அத்தான் வேலை பார்த்தது லாரிகளை எடை போடும் மேடையில். லாரி உள்ளே வரும்போது ஒரு எடை, சரக்கை இறக்கிவிட்டு வெளியே போகும்போது ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. டிரைவர் என்ன சத்தியம் செய்தாலும், சரக்குக்காரர் எவ்வளவு குழைந்தாலும் அத்தான் மசிய மாட்டார். “டிஸ்ப்ளேல என்ன வருதோ அதுதான்” என்பார். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு எடை போட லாரி இல்லை. தன்னையே போட்டுக்கொள்கிறார்.

நான் அவருடைய மச்சினி. அதே கட்டிடத்தில் மேல் மாடியில் குடியிருக்கிறேன். ஆபீஸ் விட்டு வரும்போது என் வீட்டுக்கு ஏற உடம்பில் தெம்பிருக்காது. வழியில் அக்கா வீட்டில் உட்கார்ந்து, ஒரு தேநீரைக் குடித்து, கொஞ்ச நேரம் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டுத்தான் மேலே போவேன். விடுமுறை நாள்களில் காலையிலேயே போய் உட்கார்ந்துவிடுவேன். அதனால் அத்தானின் எக்சர்சைஸை கேலரியில் இருந்து சர்க்கஸ் பார்ப்பதுபோல் முழுசாகப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது.

எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முதலில் சில நாள் தெருவில் நடந்து பார்த்தார். நாய்கள் ஒருபக்கம். எதிரே வருகிறவர்கள் எல்லாம் நிறுத்தி, “என்ன சார், சுகரா, பிரஷரா?” என்று விசாரித்தது இன்னொரு பக்கம். நெற்றியில் நோயாளி என்று எழுதி ஒட்டிக்கொண்டு போவதுபோல் இருக்கிறது என்று நடையை நிறுத்திவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் நான் படித்துவிட்டுப் போட்டிருந்த ஒரு வாரப் பத்திரிகை அவர் கையில் சிக்கியது. வீட்டைச் சுத்தம் செய்வதும் உடற்பயிற்சிதான், அதிலும் கலோரி எரியும் என்று நலவாழ்வுப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். எதில் அதிகம் எரியும், எதில் குறைச்சல் என்றும் போட்டிருந்தார்கள். அந்தப் பத்திரிகையை வீட்டுக்குள் கொண்டுவந்ததற்காக அக்கா இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

அத்தான் எரிகிற வேலையை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டார். தரை துடைப்பது அவருடையது. ஒட்டடை அடிப்பது, ஜன்னல் கண்ணாடி தேய்ப்பது, குளியலறைச் சுவரைப் பிரஷ்ஷால் உரசுவது எல்லாம் அவருடையது. பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது, காய் நறுக்குவது, அலமாரியில் இருக்கிற சின்னச் சின்னச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைப்பது, இதெல்லாம் அக்காவுடையது. ஒருநாள் அக்கா தொட்டி நிறையப் பாத்திரத்தைக் காட்டி, இதையும் கொஞ்சம் பாருங்களேன் என்றாள். அத்தான் எட்டிப் பார்த்தார். “அதுல ஒண்ணும் எரியாது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறார்.

அவர் தரை துடைப்பதைப் பார்க்கவேண்டும். இரண்டு காலையும் அகட்டி வைத்து, இடுப்பை வளைத்து, இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவர்வரை மாப்பை இழுத்துக்கொண்டு ஓடுவார். வாளியை அறைக்குள் வைக்க மாட்டார், வேண்டுமென்றே பால்கனியில் வைப்பார். ஒவ்வொரு முறையும் அங்கே போய் நனைத்துக்கொண்டு வரவேண்டும். வழி நெடுகச் சொட்டும். கட்டிலையும் பீரோவையும் நகர்த்துவார், பெருக்குவதற்காக அல்ல, நகர்த்துவதற்காக. ஒருநாள் பீரோவை முட்டித் தள்ளி ஜன்னல்வரை கொண்டுபோய், மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்தார். உள்ளே மடித்து வைத்திருந்த துணியெல்லாம் சரிந்து கிடந்தது. பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டால் அன்றைய கோட்டா முடிந்தது. ஹால் பாதிதான் ஆகியிருக்கும். மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு எடைக்கருவிக்குப் போய்விடுவார்.

மீதிப் பாதியை அக்கா துடைப்பாள். அவர் தேக்கிவிட்டுப் போன தண்ணீரை உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பாள். நகர்ந்த நாற்காலிகளை இடத்தில் போடுவாள். “அவர் எக்சர்சைஸ் பண்ற அன்னிக்கெல்லாம் எனக்குத்தான் இடுப்பு விட்டுப்போகுது” என்று என்னிடம் மட்டும் சொல்வாள். அவரிடம் சொல்லக்கூடாதா என்றால், பாவம், ஏதோ ஆர்வமாகச் செய்கிறார் என்பாள். அக்காவின் பாவம் பார்க்கிற குணத்தைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். எனக்குத்தான் அதற்குப் பொறுமை இல்லை.

வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தபோது, அப்பா இப்போதெல்லாம் வீடு துடைக்கிறாராமே என்று ஆச்சரியப்பட்டாள். அத்தானுக்கு முகம் சுருங்கிவிட்டது. “வீடு துடைக்கலைம்மா. எக்சர்சைஸ் பண்றேன்” என்றார். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தபோதும் அதே பதில்தான். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் மாப்பைத் தொட்டே இருக்க மாட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அப்படியானால் அக்கா கல்யாணமான நாளில் இருந்து செய்துகொண்டிருப்பது என்ன என்று கேட்டேன். அத்தான் கோபப்படவில்லை. எடை மேடையில் தகராறு வந்தால் எப்படி யோசிப்பாரோ அப்படி யோசித்தார்.

“அது வேலை. இது எக்சர்சைஸ். குறையணும்னு நெனச்சுப் பண்ணினாத்தான் குறையும். உங்க அக்கா இத்தனை வருஷமா பண்றாளே, குறைஞ்சிருக்காளா சொல்லு?”

அக்கா சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்து, “எனக்கென்னடி எக்சர்சைஸ், நான் வீட்டுலதானே இருக்கேன்” என்றாள். கட்சிக்காரரே எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொன்னால் வக்கீல் என்ன செய்ய முடியும்? நான் தேநீரைக் குடித்துவிட்டு மேலே போய்விட்டேன்.

ஒன்று மட்டும் அவருக்காகச் சொல்லவேண்டும். வேலைக்குப் போன காலமெல்லாம் அவர் பார்க்காத வீட்டை இப்போதுதான் பார்க்கிறார். “இந்த வீட்டுல இவ்ளோ தூசி எங்கேர்ந்து வருது?” என்று ஒருநாள் நிஜமாகவே கவலைப்பட்டார், தூசி அவர் ஓய்வு பெற்றதற்கு அப்புறம்தான் வர ஆரம்பித்ததுபோல. கதவிடுக்கில் அழுக்கு சேருவது, துடைத்த மறுநாளே ஜன்னல் விளிம்பு கறுப்பது எல்லாம் அவருக்குப் புதுச் செய்தி. தரை காயும்வரை காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அக்கா மீதியைத் துடைப்பது அங்கிருந்து தெரியும். அவள் பாதியில் நிற்பதைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டார். “ஸ்டாமினா பத்தலை உனக்கு” என்று கிண்டல் செய்வார். அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

அக்கா என் வீட்டுக்கு வருவது எப்போது நின்றது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. முன்பெல்லாம் ஏதாவது செய்தால் மூடி போட்டு எடுத்துக்கொண்டு ஏறி வருவாள். பிறகு, “நீயே வந்து எடுத்துட்டுப் போயேன்” என்று போன் வரும். வயதாகிறது, சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கே ஏற முடியவில்லை, அவளை என்ன சொல்வது? அவள் முகம் வெளிறியிருந்தது. எப்போது பார்த்தாலும் அசதியாக இருக்கிறது என்றாள். வாளியைத் தூக்கினால் தோள்பட்டையைப் பிடித்து இழுக்கிறது, கோணலாகப் படுத்ததால் இருக்கும் என்றாள். போன மாதம் நான் அரைநாள் லீவு போட்டு, அத்தான் பார்க்கிற அதே டாக்டரிடம் மூன்று பேருமாகப் போனோம்.

டாக்டரம்மாவும் எங்களைப் போலவே களைத்துப்போயிருந்தார். வெளியே பெஞ்சு முழுக்க ஆள்கள் காத்திருந்தார்கள். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே, நடைப்பயிற்சி, உடற்பயிற்சி ஏதாவது உண்டா என்று கேட்டார்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லை டாக்டர். வீட்டுலயேதான் இருக்கேன்” என்றாள் அக்கா.

மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். ஓடியாடினால் வாங்கும், நான் எங்கே ஓடுகிறேன் என்று அக்கா சிரித்தாள். டாக்டரும் லேசாகச் சிரித்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். சும்மா உட்கார்ந்திருக்கிற ஒருத்திக்கு அசதி என்றால் யாரும் எதை எழுதுவார்களோ அதைத்தான் எழுதினார். தினமும் வேகமாக நடக்கவேண்டும், எடை குறையவேண்டும், இந்தச் சத்து மாத்திரையைச் சாப்பிடவேண்டும். சீட்டைக் கிழித்து நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டு எழுந்தாள், நானும் எழுந்தேன். அத்தான் எழவில்லை.

“டாக்டர், அவ சொல்றது தப்பு” என்றார்.

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடுவதற்காக மணியில் வைத்த கையை எடுக்காமல் அவரைப் பார்த்தார்.

“நான் வீடு துடைக்கறேன் டாக்டர்” என்றார் அத்தான். எக்சர்சைஸ் என்று சொல்லவில்லை. “எடை குறையத்தான் துடைக்கறேன். பாதி ஹால் துடைச்சா எனக்குப் பனியன் நனைஞ்சிடுது. மீதிப் பாதி இவதான் துடைக்கறா. அப்புறம் ரெண்டு ரூமும் இவதான். முன்னல்லாம் ஒரே மூச்சுல முடிப்பா. இப்போ நடுவுல நிக்கறா. ஜன்னலைப் புடிச்சுக்கிட்டு வெளிய ஏதோ பாக்கற மாதிரி நிப்பா. வெளிய ஒண்ணும் இருக்காது. எனக்கு வாங்கற மாதிரி இல்லை அந்த மூச்சு. நான் வாயால விடறேன். இவ வாயை மூடிக்கிட்டு தோளால விடறா. ஸ்டாமினா இல்லைன்னு நான் கேலி பண்ணிட்டு இருந்தேன் டாக்டர்.”

அக்கா அவர் கையைத் தட்டினாள். வீட்டு விஷயத்தை எல்லாம் எதற்கு இங்கே சொல்கிறீர்கள் என்று கண்ணால் கேட்டாள். எனக்கு அந்த அறையில் நிற்கவே முடியவில்லை. கூடப் பிறந்தவள் நான், வாரத்தில் பாதி நாள் அந்த ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவள் ஜன்னல் பக்கம் நிற்பதை நானும்தான் பார்த்தேன். காற்று வாங்குகிறாள் என்று நினைத்தேன்.

டாக்டர் மணியில் இருந்து கையை எடுத்தார். அக்காவை மறுபடி உட்காரச் சொன்னார். தோள்பட்டை எப்போது இழுக்கிறது, உட்கார்ந்தால் விடுகிறதா என்று கேட்டார். விடுகிறது என்றாள் அக்கா. கொடுத்த சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நடையெல்லாம் இப்போது வேண்டாம், வாளி தூக்கவே கூடாது, முதலில் இதயத்தைப் பார்த்துவிடலாம் என்றார். அன்றைக்கே ஒரு ஈசிஜி எடுத்தார்கள். மறுநாள் காலையில், ஓடுகிற பட்டையின் மேல் நடக்கவைத்துப் பார்க்கும் சோதனைக்கு வரச் சொன்னார்கள்.

அன்று இரவு அக்கா சரியாகத் தூங்கவில்லை. சோதனைக்குப் பயந்து அல்ல. காலையில் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போகவேண்டியிருக்கிறதே என்றாள்.

சோதனை அறை சின்னது. மார்பில் ஒயர்களை ஒட்டி, அக்காவை அந்தப் பட்டையின் மேல் ஏற்றினார்கள். ஏறுவதற்கு முன் செருப்பைச் சுவரோரம் ஒழுங்காகச் சேர்த்து வைத்தாள். பக்கத்தில் டாக்டர் ஒருவர் இருந்தார். எந்திரத்தைக் கவனித்துக்கொள்கிற பெண், வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், முடியவில்லை என்றால் உடனே சொல்லிவிடுங்கள், நிறுத்திவிடுகிறேன் என்றாள். அக்கா தலையாட்டினாள். கூடவே நிற்கட்டும் என்று அக்கா கேட்டுக்கொண்டதால் என்னையும் அத்தானையும் கதவருகே நிற்க விட்டார்கள்.

பட்டை நகர்ந்தது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். திரையில் கோடுகளும் எண்களும் ஓடின. டாக்டரும் அந்தப் பெண்ணும் அதைப் பார்த்தார்கள். எண் தெரிகிற இடத்தில் எல்லாம் கண்ணை நட்டு வைக்கிற அத்தான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வேகம் கூடியது. முடிகிறதா அம்மா என்று அந்தப் பெண் கேட்டாள்.

“ம்” என்றாள் அக்கா.

எனக்குத் தெரிந்து அவள் யாருக்குமே வேறு பதில் சொன்னதில்லை. இன்னும் ஒரு சுற்று கூட்டலாமா என்று கேட்டார்கள். அதற்கும் தலையாட்டினாள். உதடுகள் இறுக மூடியிருந்தன. தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கின.

“அவ சொல்ல மாட்டாம்மா. நிறுத்து” என்று சொல்லிக்கொண்டே அத்தான் உள்ளே போய், இரண்டு கையையும் அக்காவின் முதுகுக்குப் பின்னால் விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.