எட்டு மில்லிமீட்டர் இன்சோல்

2024 ஜூலை 11, வியாழக்கிழமை, காலை 10.40. வெளியே நல்ல வெயில். இரவு பெய்த மழையின் ஈரம்கூடக் காய்ந்துவிட்டிருந்தது. வேலூரில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் எலும்புப் பிரிவில் எங்களுக்கு டோக்கன் எண் 27. என் மடியில் பேத்தி, வயது இரண்டு வருடம் ஒரு மாதம். பக்கத்தில் மருமகள். மகன் பெங்களூரில் வேலையில் இருந்தான்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பத்தொரு வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவன். ஒரு ஜோடியில் இடதுக்கும் வலதுக்கும் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். பேத்தி நடக்க ஆரம்பித்த மூன்றாவது மாதம், இடப்பக்கம் சாய்ந்து நடக்கிறாள் என்று வீட்டில் முதலில் கண்டுபிடித்ததும் நான்தான். படுக்கவைத்து டேப்பால் அளந்தேன். இடது கால் எட்டு மில்லிமீட்டர் குட்டை.

மருமகளுக்கு வேறு கவலை. "மாமா, டயப்பர் மாத்தறப்ப வலது கால் நல்லா விரியுது, இடது கால் விரியவே மாட்டேங்குது. வேலூர் போய் காட்டிட்டு வந்துடலாம்" என்றாள்.

"அளந்துட்டேன்மா. எட்டு மில்லிதான். இதுக்குப் போய் டாக்டரா?" என்றேன்.

கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த பாய் ஒருவரிடம், எட்டு மில்லி கனத்தில் இடது ஷூவுக்குள் வைக்க ஒரு இன்சோல் வெட்டித் தரச் சொன்னேன்.

"இன்னா சார், பேத்திக்கு இப்பவே ஹை ஹீல்ஸா? அதுவும் ஒத்தக் கால்லயா?" என்று சிரித்தார்.

ஷூவை மாட்டி நடக்கவிட்டேன். சாய்வு பாதிக்குமேல் குறைந்துவிட்டது. தெருவில் நாலு பேரிடம் காட்டினேன். கால் வளர வளர இரண்டு முறை ஷூவை மாற்றி, இன்சோலையும் புதிதாக வெட்டி வைத்தேன். இப்படி எட்டு மாதம் போனது. கடைசியில் மருமகள் என்னைக் கேட்காமலே டோக்கன் போட்டுவிட்டாள். ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லட்டும் என்றுதான் நானும் கூடப் போனேன்.

டாக்டர் அம்மா முதலில் ஷூவைக் கழற்றச் சொன்னார். வெறுங்காலில் குழந்தை ஒவ்வொரு அடிக்கும் உடம்பையே சாய்த்து நடந்தாள். எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு, ஷூவுக்குள் விரலை விட்டு இன்சோலை உருவினார்.

"இத யார் வெச்சது?"

"நான்தான். எட்டு மாசமா இருக்கு."

"அளவு சரிதான் சார். ஆனா கால் குட்டை இல்ல. தொடை எலும்போட உருண்டை இடுப்புக் குழியில உக்காராம மேல ஏறி நிக்குது. பொறந்ததுலேர்ந்தே சரியா அமையல. எட்டு மாசம் முன்னாடி வந்திருந்தா எலும்ப வெட்டாம உள்ள தள்ளி, மாவுக்கட்டு போட்டுப் பார்த்திருக்கலாம். இப்ப திறந்துதான் உக்கார வெக்கணும். இடுப்பு எலும்பயும் வெட்டித் திருப்பணும்."

"அப்படியே விட்டா?"

"நொண்டி நடப்பா. இருபது, முப்பது வயசுலயே மூட்டு தேஞ்சு வலி வந்துடும்."

மருமகள் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை. மூன்று மணி ஐம்பது நிமிடம். வெளியே நானும் மருமகளும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தோம். பேத்திக்கு நெஞ்சுக்குக் கீழே தொடங்கி இடது கணுக்கால் வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் அவளைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவளோ ஸ்பூனால் மாவுக்கட்டைத் தட்டித் தாளம் போட்டாள். கட்டுப் பிரித்த பிறகு பயிற்சி. டிசம்பரில் வாசலிலிருந்து கேட் வரை பத்தொன்பது அடி நடந்தாள். கொஞ்சம் சாய்வு இருந்தது. மார்ச்சில் அதுவும் போனது. வளர்ந்து முடியும்வரை ஆண்டுதோறும் காட்ட வேண்டும். தழும்பு ஒன்பது சென்டிமீட்டர் என்று டாக்டர் சொன்னார். நான் அளக்கவில்லை.

எலும்பை வெட்டாமல் முடிந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று பில் போடும் இடத்தில் கேட்டுக்கொண்டேன். அதற்கு மேல் ஆனதை என் வைப்புத்தொகையிலிருந்து எடுத்து மருமகளிடம் நீட்டினேன்.

"பணத்தக் கட்டித் தீத்துடலாம்னு பாக்கறீங்களா மாமா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டாள்.

தினமும் குழந்தையைத் தூக்கிக் குளிப்பாட்டி உடுத்தியவள் சொன்னதைவிட என் டேப் சொன்னதை நம்பினேன் என்பது, பேத்தி ஓடிவரும் ஒவ்வொரு முறையும் மனதில் உறுத்துகிறது. அன்று நான் கொடுத்தது ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூறு ரூபாய்.