டென்னிஸ் மாமாவின் எர்த் வயர்

எர்த் வயரில் கரண்டே போகாது, அது சும்மா பேருக்குத்தான் என்று பெங்களூர் ரயிலில் யாரோ யாரிடமோ சொன்னார்களாம். அதைக் காதில் வாங்கிய என் அக்கா புருஷன் டென்னிஸ் மாமா அன்றே எஞ்சினியர் ஆகிவிட்டார். பெங்களூர் கம்பெனி ஒன்றில் சேல்ஸ் வேலை பார்ப்பவர்தான். ஆனால் தங்கச் சுரங்க ஊரான எங்கள் மைசூர் மைன்ஸில், லைன் வீடுகள் முழுக்க வயரிங் யோசனை அவருடையது. ஃபேன் சுற்றாவிட்டாலும் மரியாதை குறையாது.

பூதிகோட்டையில் அவர் வாங்கிய நிலத்தில் மோட்டார் முனகியது. ரோட்டோர மீட்டரிலிருந்து கிணறு வெகுதூரம் என்பதால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும். மாமா கரண்ட் வயர்களைத் தடிமனாக மாற்றினார். எர்த் வயரை மட்டும் பழைய ஒல்லியாகவே விட்டார்.

தோஹாவில் எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் நான் போனில் கெஞ்சினேன். "மாமா, அதைத் தடியாக்கினா அதே கணக்குல எர்த்தையும் ஆக்கணும். இவ்ளோ தூரத்துக்கு ஒல்லி வயர் இருந்தா, ஃபால்ட் வந்து கரண்ட் கசிஞ்சாலும் பிரேக்கர் விழுந்து லைனை வெட்டாது. மோட்டார் மேலயே கரண்ட் நிக்கும்."

"இன்னாடா பயமுறுத்துற? எங்கப்பா ஷாஃப்ட்ல இருந்தவரு. ஆளை இறக்குற கேஜுக்கு ரோப்பு தடி, மணியடிக்கிற கம்பி ஒல்லி. நீ ஏசி ரூம்ல தூங்கு, போ."

அப்பா சுரங்கத்தில் இறங்கினால் மகனுக்கு மின்சாரம் தானாக வந்துவிடும் போல.

இன்று லவினா அக்காவின் மெசேஜ்: "மோட்டாரைத் தொட்டா சுருக்குங்குதுடா. மாமா எறும்புங்கிறாரு. தக்காளிக்குத் தண்ணி விடப் போறேன்."

உடனே போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருக்கிறது.