ஊரே நிலாவைக் கேட்டுக்கொண்டிருந்த காலை

எங்கள் ஊரில் ஒரு விஷயம் எப்போது நடந்தது என்று கேட்டால் யாரும் தேதி சொல்ல மாட்டார்கள். "தியேட்டர்ல படம் பாதியில நின்னு சண்டை வந்துச்சே, அதுக்கு மறு வாரம்" என்பார்கள். "நந்தி ஆத்துல தண்ணி வந்து பஸ்ஸு அந்தாண்டயே நின்னுடுச்சே, அன்னைக்குப் பொறந்தவன் இவன்" என்பார்கள். கேட்கிறவருக்கும் அது புரிந்துவிடும். எனக்கு இந்தப் பேச்சு ரொம்பப் பிடிக்கும். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நான், தேதிகளைப் படித்துக் காட்டியே பல வருஷம் பிழைத்தேன் என்றால் அதற்கும் இந்தப் பேச்சுதான் காரணம்.

திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. நீலத் திரை, ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்து. அதுதான் எங்கள் உள்ளூர் கேபிள் சேனல். தினமும் காலை எட்டு மணிக்கு அங்கே உட்கார்ந்து, அந்தத் தேதியில் உலகத்தில் என்னவெல்லாம் நடந்தது என்று நேரலையில் சொல்வேன். எந்த நாட்டில் போர் முடிந்தது, கிரிக்கெட்டில் கோப்பை வென்றது எப்போது, எந்தப் படம் முதன்முதலாகத் திரைக்கு வந்தது, எந்தப் பாட்டுக்காரருக்கு இன்று பிறந்தநாள் என்று எல்லாம் கலந்து இருக்கும். கடைசியில் நம் ஊர்க்காரர்களின் பிறந்தநாள், கல்யாண நாள். போன் போட்டு அவர்களே பேசலாம்.

ஏப்ரல் ஒன்று வந்தால் எனக்குத் தனிக் கொண்டாட்டம். ஆந்திராவோடு இருந்த திருத்தணி, சென்னை மாநிலத்தோடு வந்து சேர்ந்தது ஓர் ஏப்ரல் ஒன்றாம் தேதியில்தான். ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் போன் போட்டு, "எங்களயே ஏப்ரல் ஃபூல் பண்றியாம்மா?" என்று கேட்பார்.

இப்போது அந்தச் சேனல் இல்லை. அவரவர் கையில் ஒரு போன் இருக்கிறது. நினைவு நாள், பிறந்தநாள் எல்லாவற்றையும் அதுவே காலையில் சொல்லிவிடுகிறது. ஆனால் ஜூலை மாதம் பிறந்ததும் எனக்கு அந்த மாடி அறை ஞாபகம் வரும். அதற்குக் காரணம் எங்கள் தெருவில் இருந்த அக்காவும், அவர் கணவர் பாவாவும்.

அக்கா பள்ளிப்பட்டு நெசவுக் குடும்பத்துப் பெண். வீட்டில் தெலுங்கு. பாவா கனகம்மாசத்திரம் பக்கம் நிலம் வைத்திருந்த தமிழ்க் குடும்பம். பள்ளிப்பட்டு பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த காலத்தில் அக்காவைப் பார்த்தவர். எனக்கு ரத்தச் சொந்தம் இல்லை. சின்ன வயதிலிருந்து அக்கா, பாவா என்றுதான் வாயில் வரும். அவர்களுடைய கல்யாண நாள் ஆவணியில் என்று தெருவுக்கே தெரியும். வருஷா வருஷம் அவர்கள் மகள் என் நிகழ்ச்சிக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொல்வாள்.

நிலாவில் மனிதன் கால் வைத்து ஐம்பது வருஷம் ஆன ஜூலை அது. அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால், நான் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது பாவா வந்து நின்றார்.

"ஏம்மா, நிலா சமாச்சாரத்த எந்த நாளு சொல்லப் போற?"

"இருபதாம் தேதி பாவா. எல்லா பேப்பர்லயும் அதான் போட்டுகீறான்."

"அது அமெரிக்காக்காரன் தேதி. அவனுக்கு அப்போ ராத்திரி. நமக்குப் பொழுது விடிஞ்சு மறுநாள் ஆயிடுச்சு. இருபத்தொண்ணு, திங்கக்கெழம, காலைல எட்டரை இருக்கும். வருசா வருசம் தப்பாவே சொல்லிகினு கீற."

"அதெப்படி பாவா கெழமையோட ஞாபகம் வெச்சிகீற?"

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் ஏறியதைப் போல ஒரு முகம்.

"அன்னைக்குதான் உங்க அக்காவுக்குத் தாலி கட்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜூலை இருபத்தொன்று ஆடி மாதம். ஆடியில் எந்த வீட்டில் தாலி கட்டுவார்கள்? "ஏப்ரல் ஒண்ணு எப்பவோ போயிடுச்சு பாவா" என்றேன்.

"அதுக்குதான்டி ஆடி! ஆவணின்னா மலை மேல எங்க பாத்தாலும் கல்யாணக் கூட்டம். அதுல எவனாவது ஒரு சொந்தக்காரன் நிப்பான். ஆடியில ஒரு பொண்ணு மலைக்குப் போனா, சாமி கும்பிடப் போறான்னுதான நெனப்பாங்க?"

அப்படித்தான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு இரண்டு வீட்டாரும் சமாதானமாகி, ஊருக்கு ஆவணி என்று சொல்லி வைத்து, அதுவே நிலைத்துவிட்டது. பெற்ற மகளுக்குக்கூடத் தெரியாது. "ஐம்பது வருசம் ஆவுது. ஒரே ஒரு தபா அந்த நாளுல டிவில வாழ்த்துச் சொல்லும்மா. ஆவணியில சொல்றப்பல்லாம் வேற எவனுக்கோ சொல்ற மாதிரி கீது எனக்கு" என்றார்.

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே அக்கா என் சமையலறையில் வந்து நின்றார்.

"அந்த ஆளு வந்தாரா?"

"எந்த ஆளுக்கா?"

"நடிக்காதடி. மொகத்துல எழுதி ஒட்டிகீது." அடுப்பை அவரே அணைத்தார். நான் முழுசாகக் கவனிக்க வேண்டும் என்பதற்காக. "பேத்திக்கு ஆவணியில கல்யாணம் வெச்சிகீறோம். சம்பந்தி அம்மா பஞ்சாங்கத்தக் கேக்காம வெளிய கால் வெக்க மாட்டாங்க. நிச்சயதார்த்தத்துல என்னையே கேட்டாங்க, உங்களுது எந்த மாசம்னு. ஆவணின்னு சொல்லிகீறேன். அம்மையார்குப்பத்துல ஒக்காந்து தெனமும் உன்னப் பாத்துட்டுதான் தறில எறங்கறாங்க. ஆடியில ஓடி வந்தவ பேத்தின்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா, அந்தப் பொண்ணு காலத்துக்கும் கேட்டுகினு கெடக்கணும். வேணாம்டி."

பாவாவிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தார். "சரி, வாழ்த்து வேணாம். நிலாவையாவது சரியான நாளுல சொல்லிடு" என்றார்.

அதனால் இருபதாம் தேதி நிலாவைத் தொடவில்லை. இருபத்தொன்றாம் தேதிதான் எடுத்தேன். அன்றைக்கு ஏற்கெனவே நிறைய இருந்தது. நைல் நதியில் பெரிய அணை கட்டி முடித்த நாள். நம் பெரிய நடிகர் ஒருவரின் நினைவு நாள். அதற்காக அவருடைய ரசிகர்கள் காலையிலிருந்து பாட்டுக் கேட்டுப் போன் போட்டபடி இருந்தார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நிலாவுக்கு வந்தேன். வாழ்த்துதான் சொல்லக் கூடாது, கொஞ்சம் அழகாகவாவது சொல்வோமே என்று ஆசை.

"ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, இதே காலை நேரத்தில் நம் திருத்தணி எப்படி இருந்திருக்கும்? மலையில் மேகம் இறங்கி, படிகளெல்லாம் தூறலில் நனைந்து..." என்று எனக்குத் தெரிந்த வர்ணனையை அவிழ்த்துவிட்டேன்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"மழையா? எவடி சொன்னது ஒனக்கு மழைன்னு?"

அக்காவின் குரல். பெயர் கேட்காமல், ஊர் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். கேமராவுக்குப் பின்னால் நின்ற முதலாளி, பேசு, பேசு என்று கையை ஆட்டினார். நான் பேசத் தேவையே இருக்கவில்லை.

"ஒரு சொட்டு மழை இல்ல. காலைலயே வெயிலு. வெறுங்காலோட எறங்கறேன், படியெல்லாம் சுடுது. கீழ வந்தா டீக்கடைக்காரரு ரேடியோவத் தூக்கி வெளிய பெஞ்சு மேல வெச்சிகீறாரு. அத்தினி ஜனமும் அதச் சுத்தி. டம்ளரக் கையில வெச்சிகினு குடிக்காம நிக்கறாங்க. பூக்காரம்மா கூட கட்டறத உட்டுட்டு வந்துட்டாங்க. அந்தக் கூட்டத்துல எங்க சின்னைனா! எங்க நைனாவோட தம்பி! நூலு வாங்க வந்தவரு, ரேடியோ பக்கம் காது வெச்சிகினு, எங்களுக்கு முதுகக் காட்டிகினு நிக்கறாரு. என் கழுத்துல அப்பதான் கட்டின மஞ்சக் கயிறு. ஈரங்கூடக் காயல. ஒரு தபா திரும்பினா போச்சு. ஊரே நிலாவக் கேட்டுகினு இருந்துச்சு, அதனால எங்கள ஒருத்தரும் பாக்கல. அவரு முதுகுக்குப் பின்னாலயே நடந்து போயி பஸ் ஏறிட்டோம். இதுல மழையாம் மழை!"

தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். "ஐயோ" என்று மெல்லக் கேட்டது. போன் கட்டாகிவிட்டது.

அந்தக் குரலை ஊரில் யாருக்குத்தான் தெரியாது? பாட்டுப் போடலாம் என்று நான் கையை நீட்டினேன். அதற்குள் அடுத்த போன். அம்மையார்குப்பத்திலிருந்து. பின்னால் தறி ஓடும் சத்தம்.

"இப்ப பேசினது எங்க சம்பந்தி அம்மாதான?" என்றது குரல்.

நான் முதலாளியைப் பார்த்தேன்.

"ஏம்மா, கம்முனு கீற? தெரியுது, உடு. அந்தச் சின்னைனா கடைசி வரைக்கும் திரும்பவே இல்லியா? அத்தக் கேட்டுச் சொல்லு மொதல்ல. பாதியில போன வெச்சிட்டாங்க!" தறி நின்றது. யாரையோ நிறுத்தச் சொல்லியிருக்கிறார். "ஆடின்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் இன்னா கடிச்சா துப்பப் போறேன்? எங்களுது தை மாசம். பெரிய ஜோசியரு குறிச்ச முகூர்த்தம். எங்க வூட்டுக்காரரு என்கூட நேராப் பேசி அஞ்சு வருசம் ஆவுது. சோறு வேணும்னாகூட புள்ளகிட்டதான் சொல்றாரு. நானே வந்து அவங்களப் பாக்கறேன்னு சொல்லு. ஆடி போவட்டும்னெல்லாம் காத்துகினு இருக்க முடியாது."

நான் நிகழ்ச்சியை எப்படி முடித்தேன் என்பது நினைவில்லை. சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது மகள் வந்திருந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றிருந்தாள்.

"வருசா வருசம் ஆவணியில பொடவ எடுத்துக் குடுத்தேனே, அதெல்லாம் எதுக்கும்மா கட்டிகின?"

"நல்லா இருந்துச்சு, கட்டிகினேன்" என்றார் அக்கா. "நீ பாட்டுக்கு ஆவணிலயும் எடு. நான் வேணாம்னா சொன்னேன்?"

சம்பந்தி அம்மா மத்தியானமே வந்து போய்விட்டாராம். முழுக் கதையும் கேட்டு, இரண்டு முறை காப்பி குடித்து, கல்யாணத்தில் சாப்பாட்டுக்கு யாரைப் பிடிப்பது என்பது வரை பேசிவிட்டுப் போயிருக்கிறார். அக்காவின் முகம் அழுதது போலவும் இருந்தது, பல்வலி நின்றுபோனது போலவும் இருந்தது.

பாவா மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார். "காலைல அவ பேசினத எதுலயாவது புடிச்சி வெச்சிகீறீங்களாம்மா?"

"இல்ல பாவா. லைவ்ல வர்றத நாங்க வெக்கறதில்ல."

தலையை ஆட்டினார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "டீக்கடையில ஒங்க சின்னைனா நின்னுகினு இருந்தாருன்னு எனக்கு இன்னைக்குதான் தெரியும். டிவில சொல்லித் தெரிஞ்சுக்கறேன். அம்பது வருசமா ஏன்டி சொல்லல?"

அக்கா முந்தானையால் காப்பி டம்ளரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அப்பவே சொல்லியிருந்தா நீ ஓடிப் போயிருப்ப."

"ஓடியிருப்பேன்தான்" என்றார் பாவா. "ஒன்னையும் இழுத்துகினு."