ஓட்டைக் குழாய்க்குக் கட்டிய நீலத் தாள்

மழை இருட்டிக்கொண்டு வந்தால் என் சித்தி முதலில் வெளியே ஓடிவருவாள். வானத்தைப் பார்ப்பாள், பிறகு மேட்டைப் பார்ப்பாள், அதற்கப்புறம்தான் குடையைத் தேடுவாள்.

மேட்டில் அடுக்குமாடி கட்டுகிறார்கள். வெட்டிப்போட்ட மண் மழையில் கரைந்து கீழே போய்விடாமல் பார்த்துக்கொள்வது அவள் உத்தியோகம். சரிவில் வைக்கோல் பரப்புவாள். மண்ணைத் தடுக்கும் துணி வேலியின் அடியை மண்ணுக்குள் புதைக்கச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துவாள். சக்கரம் கழுவாத லாரியை வாசல் தாண்ட விடமாட்டாள். வேலையிடத்தில் அவளுக்கு ‘மண்ணாங்கட்டி மேனேஜர்’ என்று பெயர். காதுபடவே சொல்வார்கள். “கட்டியா இருக்கிற வரைக்கும் நல்லதுதான்யா, கரைஞ்சாதான் வம்பு” என்பாள் அவளும்.

அந்தச் சரிவின் அடியில்தான் அவள் வீடு, தரைத்தளத்தில். ஜன்னலோரக் கட்டிலில், இடுப்பு முறிந்து நடக்க முடியாத மாமியார். மேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சேற்றுக் குட்டை. கலங்கிய மழைநீர் அதில் தேங்கும், மண் அடியில் படியும், உடம்பெல்லாம் துளையிட்டு நடுவில் நட்டிருக்கும் ஓட்டைக் குழாய் வழியாகத் தெளிந்த நீர் மட்டும் மெல்ல வடிந்து கால்வாய்க்குப் போகும். குட்டைக்கு இருப்பது வெறும் மண் கரை. நீர் அதன்மேல் வழிந்தால் கரையே கரைந்துவிடும். பிறகு அந்தச் சேறு யார் வீட்டு ஜன்னலில் போய் விழும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று மத்தியானம் மழை கொட்டத் தொடங்கியதும் குட்டைக்கு ஓடினாள். நீர் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. குழாயைப் பார்த்தாள். தலையிலிருந்து அடிவரை நீல பிளாஸ்டிக் தாள் சுற்றி, கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

“யாருய்யா இதைக் கட்டுனது?”

“நான்தாங்கக்கா” என்றார் மேஸ்திரி, குடைக்குள்ளிருந்து. “காலையில வீடு வாங்குறவங்க பாக்க வந்தாங்க. சேறு அப்பி அசிங்கமா நின்னுச்சு. விருந்தாளி வந்தா பழைய கட்டிலைப் போர்வை போட்டு மூடுறதில்லையா, அந்த மாதிரி.”

“மூக்கையும் வாயையும் பொத்திட்டு மூஞ்சிக்குப் பவுடர் போட்டிருக்கியேய்யா.”

கரையின் ஒரு மூலையில் நீர் விரலளவு வழிய ஆரம்பித்திருந்தது. சித்தி போனை எடுத்தாள். ஈரக்கையில் அது இரண்டு முறை வழுக்கியது.

“என்னம்மா, குடையை மறந்துட்டியா?” என்றார் சித்தப்பா.

“ஏங்க, அத்தையைத் தூக்கிட்டு மாடி வீட்டுக்குப் போங்க. இப்பவே.”

“சாப்பிட்டுட்டிருக்காங்க. உனக்கு ஒவ்வொரு மழைக்கும் இதே பாட்டு.”

“தட்டோட தூக்குங்க.”

அந்தக் குரலைக் கேட்டதும் அவர் போனை வைத்துவிட்டு அம்மாவைத் தூக்கப் போனார்.

பொக்லைன் டிரைவர் ஓடிவந்தான். “வண்டியைக் கொண்டாந்து தாளைக் கிழிச்சு விட்டுரட்டுமா அக்கா?”

“வண்டி ஏறினா கரை உக்காந்துரும். கயிறு எடு.”

“கட்டுனது நான். நானே போறேன்” என்றார் மேஸ்திரி.

“உன் உடம்புக்கு நீ சிக்கினா எங்களால இழுக்க முடியாது. என்னைன்னா இழுத்துரலாம். கயித்தைப் பிடி.”

அவளுக்கு நீச்சல் தெரியாது. இடுப்பில் கயிற்றோடு இறங்கினாள். சேறு முழங்காலைக் கவ்வியது, நீர் மார்புக்கு வந்தது. குறட்டால் கம்பியை வெட்டித் தாளை இழுத்தாள். வரவில்லை. உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு மறுபடி இழுத்தாள். தாள் கிழிந்து வந்தது. ஓட்டைகள் மடமடவென்று நீரைக் குடிக்கத் தொடங்கின. திரும்பலாம் என்றால் வலது கால் வரவில்லை. மேஸ்திரி அவள் முகத்தைப் பார்த்துக் கயிற்றை இழுத்தார்.

கரையில் விழுந்தவள் அப்படியே தவழ்ந்து போய் வழிகிற மூலையில் மணல் மூட்டையைப் போட்டாள். மூவரும் மூட்டை மேல் மூட்டையாக அடுக்கினார்கள். வழிவது நின்று, நீர் ஒரு சாண் இறங்கும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை.

அவள் போனபோது மாடி வீட்டு சோபாவில் மாமியார் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “சாப்பிடக்கூட விடாம தூக்கிட்டு வந்துட்டான் உன் புருஷன். கரை நின்னுச்சா?”

“இப்போதைக்கு நின்னிருக்கு, அத்தை.”

“அப்ப கீழ போலாம்ல?”

சித்தி ஜன்னலைப் பார்த்தாள். மழை விடுவதாயில்லை.

“இங்கயே இருங்க” என்று சொல்லிவிட்டு, நனைந்த புடவையோடு மறுபடி மேட்டுக்குக் கிளம்பினாள்.