அரிசியைக் கொட்டிவிட்டுத் தண்ணீரை வைத்துக்கொள்ளும் வேலை

நான் வேலை பார்க்கும் இடத்தில் அரிசியைக் களைந்து, களைந்த தண்ணீரைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, அரிசியைக் குப்பையில் கொட்டிவிடுவார்கள். மாற்றி எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். துபாய்க்கு வந்து இந்த வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்கும் தலைகால் புரியவில்லை. ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் குட்டை அரிசியைக் கொடுத்துக் கழுவச் சொன்னார்கள். நான் நன்றாக அலசி, வெள்ளையாக வந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, அரிசியை முத்து முத்தாக எடுத்து வைத்தேன். யாராவது பாராட்டுவார்கள் என்று பக்கத்திலேயே நின்றும் கொண்டிருந்தேன். எங்கள் சூப்பர்வைசர் ஜோய், பிலிப்பைன்ஸ்காரப் பெண், வந்து பாத்திரத்தைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள்.

"வேர் இஸ் வாட்டர்?"

"டர்ட்டி வாட்டர். ஐ த்ரோ" என்றேன்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ரைஸ் இஸ் த்ரோ! வாட்டர் இஸ் கஸ்டமர்! யல்லா, அகெய்ன்!"

துபாயின் தேரா பகுதியில் ஒரு பழைய கட்டிடத்தின் முதல் மாடியில் இருக்கிறது எங்கள் சலூன். பெண்களுக்கு மட்டும். முதலாளியம்மா மலையாளி. ஜப்பானியப் பெண்கள் பழைய காலத்தில் தலைக்கும் முகத்துக்கும் செய்துகொண்டவற்றைக் கற்றுக்கொண்டு வந்து இங்கே செய்கிறார். களைந்த தண்ணீரை மூடி வைத்து, லேசாகப் புளித்ததும் தலைமுடியை அதில் அலசுவது ஒன்று. தவிட்டைச் சிறிய துணிப்பையில் கட்டி, வெந்நீரில் நனைத்து முகத்தில் தேய்ப்பது ஒன்று. அந்தப் பைக்கு நுகாபுகுரோ என்று பெயர். தைப்பது நான். அசுகி என்று சிவப்பாக ஒரு பயறு, நம் காராமணிக்குத் தங்கை மாதிரி இருக்கும். அதை அரைத்து மாவாக்கி முகம் கழுவுவார்கள். ட்சுபாகி என்ற பூவின் விதையிலிருந்து எடுத்த எண்ணெயை முடி நுனியில் தடவுவார்கள். இவை தவிர அலமாரியில் பூட்டி வைத்த ஒரு சிறிய டப்பா உண்டு. ஏதோ பாடும் பறவையின் எச்சத்தைச் சுத்தம் செய்து பொடியாக்கியதாம். அதை முகத்தில் பூசிக்கொள்ள முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு வருவார்கள். அதைக் கலக்கும்போது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது என்று யோசித்துப் பார்த்தேன். சொல்ல ஆள் இல்லை.

கொஞ்ச காலம் பின்னறையில் அரிசியோடும் தவிட்டோடும் இருந்தேன். என் கை பதமாக இருக்கிறது என்று தலை அலசும் நாற்காலிக்கு மாற்றினார்கள். எனக்குக் கூச்ச சுபாவம். பத்தாவதோடு படிப்பு நின்றுபோனது. முகத்துக்கு நேராகப் பேச வராது. தலை அலசும் வேலையில் வந்தவர்கள் கண்ணை மூடிக்கொள்வதால் எனக்கு வசதியாக இருந்தது. ஒரு நாள் நிஜமான ஜப்பான் அம்மா ஒருவர் வந்தார். தலை அலசி முடித்ததும் எழுந்து என் முன்னால் இடுப்பு வரை குனிந்தார். கம்மலோ எதுவோ விழுந்துவிட்டதென்று நானும் குனிந்து தரையில் தேடினேன். நான் குனிந்ததைப் பார்த்து அவர் இன்னும் கீழே குனிந்தார். நான் நாற்காலிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். ஜோய் வந்து என் தோளைத் தூக்கி நிறுத்தி, "ஷி சே தேங்க் யூ, ஜெயா!" என்றாள். எனக்கு ஒருவர் நன்றி சொல்வார், அதுவும் குனிந்து சொல்வார் என்று தோன்றவே இல்லை. அன்று முழுக்க முகம் சுட்டது.

கொட்டச் சொல்லும் அரிசியை நான் கொட்டுவதில்லை. ஜோய்க்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டாள். பையில் கட்டி ரூமுக்குக் கொண்டுவருவேன். ரூம் என்றால் திரை போட்ட அடுக்குக் கட்டில்கள்தான். அங்கே என் பக்கத்துக் கட்டில் ரெஜினா, தூத்துக்குடிப் பெண், அந்த அரிசியைக் குழையக் குழைய வடித்துவிட்டு, "இதுல என்னக்கா ஜப்பான் இருக்கு? நம்ம ஊர்ல அப்பவே எல்லாரும் செஞ்சதுதான. அவனுவ பாட்டில்ல ஊத்தி விக்கானுவ, நாம ஆன்னு பாத்துக்கிட்டு இருக்கோம்" என்பாள். எல்லோரும் ஆமாம் என்பார்கள். நானும் தலையாட்டுவேன். ஆனால் மன்னார்குடிப் பக்கம் எங்கள் தெருவில் கழுநீர் யார் தலைக்கும் போய் நான் பார்த்ததில்லை. மாடு வைத்திருந்த பெரிய வீட்டின் பின்பக்கத்தில் ஒரு தொட்டி இருந்தது. எங்கள் தெரு வீடுகளின் கழுநீரெல்லாம் அதில் போய்ச் சேரும். அம்மா குடத்தைக் கவிழ்த்துவிட்டு, பதிலுக்குத் தரும் மோருக்காகக் கதவருகே நிற்பாள். அவள் பின்னால் நான் நிற்பேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த அந்த வீட்டுப் பெண்தான் சில நாள் மோர் கொண்டுவந்து ஊற்றுவாள். மறுநாள் வகுப்பில் அவளும் என்னைப் பார்க்கமாட்டாள், நானும் அவளைப் பார்க்கமாட்டேன். "நம்ம ஊரில் எல்லாரும்" என்று யாராவது சொல்லும்போது அந்த எல்லாரிலும் நான் இருந்தேனா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

என் கணவருக்கு இடுப்பு முடியாமல் போனதால்தான் நான் கிளம்பி வந்தேன். தேன்மொழி எங்களுக்கு ஒரே பெண். படித்து முடித்து, தனியார் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். அவளுக்கு வரன் வந்தது. நல்ல இடம். அவளுக்கும் மனதுக்குப் பிடித்துவிட்டது என்பது அவள் பேச்சிலேயே தெரிந்தது. ஒரு நாள் போனில் சொன்னாள்.

"அம்மா, அவங்க வீட்டுல நீ என்ன வேலை பாக்குறேன்னு கேட்டாங்க."

"என்னம்மா சொன்ன?"

"ஜப்பான் ஓட்டல்ல சமையல்னு சொல்லிட்டேன்."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"என்னம்மா செய்யச் சொல்ற? ஸ்பா, சலூன்னு சொன்னா இங்க என்ன நெனப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா? அதுவும் துபாய்ல." பிறகு, சமாதானமாக, "நீயும் அரிசிதானம்மா கழுவுற" என்றாள்.

தெரியாமல் என்ன? தேராவில் நிறுத்தி வைத்த கார்களின் கண்ணாடியில் மசாஜ் என்று பெண்களின் படம் போட்ட அட்டைகளைச் செருகி வைத்திருப்பார்கள். காற்றடித்தால் நடைபாதை முழுக்க அந்தப் பெண்கள்தான் கிடப்பார்கள். நான் டியூட்டிக்குப் போகும்போது அவற்றை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போவேன். இங்கே வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்புகிற ஆண்கள் எதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த அட்டைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று தேன்மொழிக்குத் தெரியும். ஆனால் அவள் யார் யாரிடம் போய் அதை விளக்க முடியும்? எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அக்கம்பக்கத்தில் நானே வாய்விட்டு உண்மையைச் சொன்னதில்லையே. நான் செய்ததைத்தான் அவளும் செய்தாள்.

மாப்பிள்ளையின் சித்தி கோமதி ஷார்ஜாவில் இருக்கிறார் என்பது நிச்சயம் பேசியபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவரே போன் செய்தார். குரலில் அத்தனை பிரியம். "சம்பந்தி, இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு பாக்காம இருக்கலாமா? உங்க ஓட்டலுக்கே வந்து சாப்பிடுறோம். எங்க வீட்டுக்காரருக்கு வெளியூர்ச் சாப்பாடுன்னா உசிரு. எங்க இருக்கு சொல்லுங்க." பயத்தில் எனக்கு வேறு பெயர் எதுவும் வரவில்லை. எங்கள் கட்டிடத்தின் பெயரையே சொல்லிவிட்டேன். "லீவுல இருக்கேன், ரிப்பேர் வேலை நடக்குது" என்று பிறகு பலமுறை தள்ளிப்போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை, நகை வாங்க கோல்டு சூக்குக்கு வந்தவர்கள் அப்படியே எங்கள் கட்டிடத்துக்கும் வந்துவிட்டார்கள். கீழே மளிகைக் கடையும் தையல் கடையும்தான் இருந்தன. ஆண்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகையைப் பார்த்துக் கணவரைக் கீழேயே நிறுத்திவிட்டு, விசாரிக்கலாம் என்று அவர் மட்டும் மேலே ஏறி வந்தார். கதவைத் திறந்ததும் நான் நின்றேன், சலூன் உடுப்பில், இரண்டு கையும் ஈரமாக. போட்டோவில் பார்த்த முகம்தான் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டது.

அவர் என்னைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார். புளித்த தண்ணீரின் வாசம் அவருக்கும் வந்திருக்கும். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நான் நினைத்துக்கொண்டேன். தேன்மொழியிடம் எந்த வார்த்தையால் ஆரம்பிப்பது என்று தேட ஆரம்பித்துவிட்டேன். கோமதி மெதுவாக என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தி, "சம்பந்தி, இதெல்லாம் செஞ்சா முடி கொட்டுறது நிக்குமா?" என்றார்.

வளைகுடாத் தண்ணீரில் யாருக்குத்தான் முடி நின்றிருக்கிறது? அவர் கிளிப்பை எடுத்ததும் பார்த்தேன். உச்சியில் வகிடு ஒரு கை அகலத்துக்கு விரிந்து போயிருந்தது. நாற்காலியில் சாய வைத்து, அரிசித் தண்ணீரை ஊற்றி அலசினேன். கண்ணை மூடியபடியே அவர் சொன்னார். "ஓட்டல்னே இருக்கட்டும் சம்பந்தி. எங்க அக்காவுக்கு இதெல்லாம் புரியாது. நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன். நீங்களும் நான் இங்க வந்தத சொல்லாதீங்க." நான் சரி என்றேன். அவர் தலை என் கையில் இருந்தது. நன்றியில் எனக்கு அழுகை வந்தது. காப்பாற்றிவிட்டார். ஆனால் எதிலிருந்து காப்பாற்றினார் என்று நினைத்தால் கூசியது. அதற்கடுத்த வாரங்களிலும் வந்தார். ஒரு நாள் பக்கத்து நாற்காலியில் வேறொரு தமிழ்ப் பெண் உட்கார்ந்து, ஊர்க்கதை பேச ஆரம்பித்தாள். கோமதி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "ஆப் கா நாம் க்யா ஹை?" என்று இந்தியில் கேட்டார்.

"ஜெயா" என்றேன்.

"அச்சா. ஜெயா, தோடா கரம் பானி."

நான் வெந்நீர் கொண்டுவந்தேன்.

கல்யாணத்துக்கு லீவில் போனேன். மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்து, சாப்பாடும் ஆகி, பெண்கள் பந்தலில் காற்றுக்காக உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அக்கா, வெற்றிலை மென்றபடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெள்ளந்தியான மனுஷி.

"ஏம்மா, ஜப்பான்காரன் என்னத்தத்தான் திம்பான்? பாம்பு, பல்லியெல்லாம் வறுத்துக் குடுக்கணுமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. எனக்கு ஜப்பான்காரர்களின் ஒரு பண்டமும் தெரியாது. வாய் தானாகத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தது. "அரிசிய நல்லாக் களஞ்சு, அந்தத் தண்ணிய எடுத்து மூடி வச்சிடுவோம் அண்ணி. மறுநாள் லேசாப் புளிச்சுரும்..."

"அப்புறம்?"

எதிரே கோமதி உட்கார்ந்திருந்தார். அடர்த்தியாகத் தெரிகிற மாதிரி பின்னி, நிறைய மல்லிகை வைத்திருந்தார். மாவிலைத் தோரணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம்..." என்று நான் தடுமாறியபோது, மணப்பெண் கோலத்தில் என் பின்னால் வந்து நின்ற தேன்மொழி, "அப்புறம் அதக் கொதிக்க வச்சு மீனு போடுவாங்க அத்தை. நம்ம புளிக்கொழம்பு மாதிரியே இருக்கும். அம்மா லீவுல வந்தா எங்களுக்கும் செஞ்சு தருவாங்க" என்றாள். சொல்லும்போது என் தோளில் கை வைத்து ஒருமுறை அழுத்தினாள்.

"அடப் பாவமே, கடல் தாண்டிப் போயும் அடுப்படிதானா உனக்கு" என்று அந்த அண்ணி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அதைத் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். "என்னம்மா இது, பச்சப்புள்ள கை மாதிரில்ல இருக்கு! ஒரு சூட்டுக்காயம் இல்ல, காய்ப்பு இல்ல. சமைக்கிற கையா இது?"

நாள் முழுக்கத் தவிட்டிலும் அரிசித் தண்ணீரிலும் எண்ணெயிலும் ஊறுகிற கை வேறு எப்படி இருக்கும்?

"அங்க எல்லாம் மெஷின்தான் அண்ணி" என்றார் கோமதி, தோரணத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "வெங்காயங்கூட மெஷினே நறுக்கிரும்."

எல்லோரும் அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று நான் கட்டியிருந்த புடவை மன்னார்குடியில் எடுத்தது. நடை, பேச்சு, சிரிப்பு எல்லாம் அந்தப் பந்தலில் இருந்த மற்ற பெண்களுடையது போலத்தான் இருந்தன. துபாயிலிருந்து வந்திருந்தவை இந்த இரண்டு கைகள் மட்டும்தான். அண்ணியின் மடியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு, இரண்டையும் என் மடியில் வைத்து, மேலே முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.